பழைய 600சிசி ஸ்போர்ட் பைக் வாங்கியாச்சு: டயர், செயின், ஸ்பேர்ஸ் குறித்து வழி சொல்லுங்கள்

வளைவுப்பிரியன்:

எல்லோருக்கும் வணக்கம். 2011 மாடல் ஸ்போர்ட் பைக் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். 600சிசி, நான்கு சிலிண்டர். கம்பெனி இந்த மாடலை நிறுத்திவிட்டது. இதுவரை 150சிசி பைக்தான் ஓட்டிப் பழக்கம். ஆயில் மாற்றுவது, செயின் கழுவுவது, பிரேக் பேட் மாற்றுவது வரை என் கையாலேயே செய்வேன். இன்ஜினைத் திறந்ததில்லை.

இப்போதைய தலைவலி டயர்தான். முன்னும் பின்னும் பட்டன் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வளைவில் சாய்த்தால் முதலில் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. ஒரு கட்டம் தாண்டியதும் பொத்தென்று உள்ளே விழுகிறது. பின் டயர் 190/50, மேனுவலில் 180/55 என்று இருக்கிறது. பழைய ஓனர் கெத்துக்காக அகலமாகப் போட்டாராம். டயர் கடைக்காரர், "பட்டன் இருக்கே, இன்னும் ஒரு வருஷம் ஓட்டுங்க" என்கிறார். பக்கவாட்டில் கடைசியில் 1916 என்று ஓர் எண் இருக்கிறது. அது வருடம் இல்லை என்று மட்டும் தெரிகிறது!

அடுத்தது செயின். ஓரிடத்தில் தொளதொள, சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றினால் இறுக்கம். எந்த இடத்தை வைத்து அட்ஜஸ்ட் செய்வது?

கடைசியாக, மாடலே நின்றுபோன பைக்குக்கு ஸ்பேர்ஸ் கிடைக்குமா? இப்போதே எதையாவது வாங்கிப் பதுக்கி வைக்க வேண்டுமா? வாங்கியது தப்போ என்று வீட்டில் ஏற்கெனவே முணுமுணுப்பு.

பழையசங்கிலி:

தம்பி, பைக் வந்தாச்சு, இனி தப்பா சரியா என்ற பேச்சு எதற்கு. வேலையைப் பார்ப்போம்.

1916 என்றால் 2016ஆம் வருடத்தின் 19ஆவது வாரம். 2000க்குப் பிறகு வந்த டயர் எல்லாவற்றிலும் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கம் இப்படித்தான்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மிஷலின் போன்ற கம்பெனிகளே ஐந்து வருடம் ஆனபிறகு வருடாவருடம் டயரைச் சோதிக்கச் சொல்கின்றன, பத்து வருடம் தாண்டினால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றச் சொல்கின்றன. அது எல்லா வண்டிக்குமான பொதுக் கணக்கு. 100 குதிரைத் திறனுக்கு மேல் இருக்கும் பைக்கில் நான் அவ்வளவு தாராளம் காட்ட மாட்டேன். ரப்பரில் கலந்திருக்கும் எண்ணெய்ச் சத்து காலப்போக்கில் வெளியேறும், காற்று பட்டுப் பட்டு ரப்பர் இறுகும். பட்டன் ஆழம் அப்படியே இருக்கும், பிடிப்பு இருக்காது. நகத்தை அழுத்திப் பாருங்கள், பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் வேறு சோதனை வேண்டாம். ஈரச் சாலையில் அதன் சுயரூபம் தெரியும், ஆனால் அங்கே போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அடம்பிடித்து, பிறகு பொத்தென்று விழுவது: பின் டயருக்கு நேர் பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். மேல்பகுதி வளைவாக இல்லாமல் தட்டையாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். நெடுஞ்சாலையில் நேராகவே ஓடிய டயர் நடுவில் மட்டும் தேய்ந்து சதுரமாகிவிடும். அப்புறம் சாய்க்கும்போது அந்த விளிம்பின்மேல் ஏறி இறங்க வேண்டும். ஏறும்வரை அடம், இறங்கும்போது பொத். பக்கவாட்டில் நிறைய பட்டன் இருப்பதைக் காட்டி "நல்லா இருக்கே" என்று சொல்வது கடைக்காரருக்குச் சுலபம். பட்டன்களுக்கு நடுவே உள்ள காடிக்குள் தேய்மானத்தைக் காட்டும் சின்னச் சின்ன மேடு இருக்கும், டிடபிள்யூஐ என்று ஓரத்தில் குறி போட்டிருப்பார்கள். நடுக்காடியில் இருக்கும் மேட்டைப் பார்க்க வேண்டும், ஓரத்தில் இருப்பதை இல்லை.

சைஸ் விஷயத்தில் மேனுவல் சொல்வதுதான் சட்டம். 180/55 என்றால் அகலம் 180 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதில் 55 சதவீதம், அதாவது 99 மி.மீ. 190/50 என்றால் உயரம் 95 மி.மீ. அகலம் கூடி உயரம் குறைகிறது. பைக்கின் பின்பக்கம் நான்கு மில்லிமீட்டர் உட்கார்ந்துவிட்டது, முன் ஃபோர்க் அந்த அளவுக்குப் படுத்துவிட்டது, திரும்புவதில் சோம்பல். இது முதல் கோளாறு. இன்னொன்று ரிம். 190/50 அடிப்படையில் 6 அங்குல ரிம்முக்கான டயர், 1998இல் வந்த யமஹா ஆர்1 போட்டிருந்த அளவு அது. உங்கள் ரிம்மின் ஆரத்திலோ ஓரத்திலோ 17×எம்டி5.50 என்று வார்த்திருக்கும், பாருங்கள். 5.50 ரிம்மில் அந்த டயரின் இரண்டு பக்கமும் உள்ளே நெருக்கப்பட்டு அதன் உருவமே மாறிவிடும். ஓரத்து ரப்பர் சாலையைத் தொடாமலேயே பழசாகும். பார்க்க அகலம், மற்றபடி நஷ்டம்.

வாங்கும்போது எண்ணை முழுதாகப் படியுங்கள்: 180/55 இசட்ஆர்17, அப்புறம் அடைப்புக்குறிக்குள் 73டபிள்யூ. 73 என்பது சுமை எண், ஒரு டயருக்கு 365 கிலோ. டபிள்யூ 270 கி.மீ. வேகத்துக்கு, அடைப்புக்குறி இருந்தால் அதற்கும் மேல். முன்பக்கம் 120/70 இசட்ஆர்17, 58டபிள்யூ. அதே அகலத்தில் சுமை எண் குறைந்த டயரைத் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் உண்டு.

என்ன வகை டயர்? இதில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. சாலையில் மட்டும் ஓட்டுபவர் பைரெல்லி டயாப்லோ சூப்பர்கோர்சா மாதிரி பந்தயத் தட டயர் போடுவது வீண். அது சூடேறினால்தான் பிடிக்கும், சாலை வேகத்தில் அந்தச் சூட்டுக்கு வரவே வராது. மிஷலின் ரோடு, பைரெல்லி ஏஞ்சல் ஜிடி, மெட்ஸெலர் ரோட்டெக் போன்ற ஸ்போர்ட் டூரிங் வகை குளிரிலும் ஈரத்திலும் முதல் வளைவிலேயே பிடிக்கும். நடுவில் கெட்டி ரப்பர், ஓரத்தில் மிருதுவான ரப்பர் என்று இரண்டு கலவையில் வருவதால் சதுரமாவதும் தாமதம். கெத்து குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

முன், பின் இரண்டையும் ஜோடியாக, ஒரே மாடலில் மாற்றுங்கள். மாற்றும்போதே வால்வும் புதிதாக இருக்கட்டும், பக்கவாட்டு அம்புக்குறி சுழலும் திசைக்குப் போகிறதா என்று நின்று பாருங்கள், வீல் பேலன்ஸ் செய்யாமல் நகராதீர்கள். புது டயர் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வழுக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பழக்குங்கள். காற்று, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது மட்டும் அளக்க வேண்டும். இந்த ரக பைக்குகள் பலவற்றுக்கு முன் 36, பின் 42 பிஎஸ்ஐ. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மில் ஸ்டிக்கர் இருக்கும். பந்தயத் தடத்தில் 30க்கு இறக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சாலையில் இறக்காதீர்கள்.

செயினுக்கு வருகிறேன். இறுக்கமான இடத்தை வைத்துத்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். தொளதொள இடத்தில் சரிசெய்தால், இறுக்கமான இடம் வரும்போது கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்கைச் செயின் பிடித்து இழுக்கும். செயின் போனால் செயினோடு போகும், அந்தப் பேரிங் போனால் இன்ஜினைப் பிளக்க வேண்டும். ஆனால் உங்கள் செயினை அட்ஜஸ்ட் செய்வதில் அர்த்தமில்லை, அது முடிந்துவிட்டது. கிரீஸை அடைத்துவைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் செத்து உள்ளே கிரீஸ் வற்றிய கண்ணிகள் மடங்காமல் விறைத்து நிற்கின்றன. சந்தேகம் இருந்தால் கீழ்ப்பக்கச் செயினை இழுத்துப் பிடித்து இருபது கண்ணி நீளத்தை அளந்து பாருங்கள். செயின் அளவு 520, 525, 530 எதுவானாலும் கண்ணி இடைவெளி 15.875 மி.மீ.தான், ஆக இருபதுக்கு 317.5 வர வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் கூடினாலே பல மேனுவல்கள் மாற்றச் சொல்கின்றன. செயின் ஓடும் பற்சக்கரங்களான முன் பின் ஸ்ப்ராக்கெட் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இணைப்புக் கண்ணி ரிவெட் அடிக்கும் வகை, கிளிப் வகை வேண்டாம். புதுச் செயினை மண்ணெண்ணெயும் மிருதுவான பிரஷ்ஷும் கொண்டு கழுவினால் போதும். கம்பி பிரஷ் ஓ-ரிங்குக்கு எமன்.

ஸ்பேர்ஸ் பற்றி ராத்திரி எழுதுகிறேன். அது பெரிய கதை.

கருப்புரப்பர்:

அண்ணன் சொன்னதில் ஒரு சின்ன மாற்றுக் கருத்து. டயர் தேதி முக்கியம்தான், ஆனால் தேதி மட்டுமே பார்த்து வாங்குவதும் சரியில்லை. இருட்டான, சூடில்லாத கிடங்கில் படுத்திருந்த இரண்டு வயது டயரை "பழசு" என்று ஒதுக்குகிறார்கள். வெயிலில் நிறுத்திய பைக்கில் இருக்கும் ஒரு வயது டயரைவிட அது மேல். சாலையில் ஓடிய வயதும் கிடங்கில் தூங்கிய வயதும் வேறு. 2016 டயரைக் கழற்றச் சொன்னதில் எனக்குப் பேச்சில்லை.

ப்ரோ, யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். பேட்டரி வோல்ட் பார்த்தீர்களா? இந்தக் காலத்து ஸ்போர்ட் பைக்குகளில் வழியில் நிறுத்துவது பெரும்பாலும் டயரோ இன்ஜினோ இல்லை, பேட்டரிக்குப் போகும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். ஒரு மல்டிமீட்டர் எடுத்து, 5000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனையில் என்ன காட்டுகிறது என்று சொல்லுங்கள்.

வளைவுப்பிரியன்:

அண்ணா, குந்திப் பார்த்தேன். பலகை மாதிரி தட்டை. ரிம்மில் 5.50 என்றே இருக்கிறது. இருபது கண்ணி 321 மி.மீ. வருகிறது, எனவே செயின் விவகாரமும் முடிந்தது.

கருப்புரப்பர் ப்ரோ, ஐடிலில் 12.9, 5000இல் 13.0. ஏறவே இல்லை. இது கெட்டதா?

கருப்புரப்பர்:

கெட்டதுதான், ஆனால் பயப்படாதீர்கள். 5000இல் குறைந்தது 13.5, அதிகபட்சம் 14.7 வாக்கில் இருக்க வேண்டும். புதுப் பேட்டரி வாங்க ஓடாதீர்கள், பேட்டரியைப் பலிகொடுத்துவிட்டு மறுபடி இங்கேயே வந்து நிற்பீர்கள்.

முதலில் ரெகுலேட்டருக்குப் போகும் கனெக்டர்களைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகவோ உருகியோ இருந்தால் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. அடுத்து, இன்ஜினில் மின்சாரம் தயாரிக்கும் காயிலான ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று ஒயர், பெரும்பாலும் மூன்றும் ஒரே நிறத்தில் இருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் பாடிக்கும் இடையே கன்டினியூட்டி (மின்தொடர்பு) பாருங்கள், இருக்கவே கூடாது. பிறகு கனெக்டர் கழன்ற நிலையிலேயே ஸ்டார்ட் செய்து, 5000இல் இரண்டிரண்டு ஒயராக ஏசி வோல்ட் எடுங்கள். 50க்கு மேல் வந்து மூன்று அளவும் கிட்டத்தட்ட சமமாக இருந்தால் காயில் நல்லது, ரெகுலேட்டர்தான் போயிருக்கிறது. ஒன்று மட்டும் குறைந்தால் காயில் எரிந்திருக்கிறது. அளக்கும்போது கையில் ஒயர் முனை படக் கூடாது, சுளீர் என்று அடிக்கும்.

பழைய வகை ரெகுலேட்டர் மிச்ச மின்சாரத்தை எர்த் செய்துதான் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும். அதனால் எப்போதும் கொதிக்கும், காயிலும் முழு வேகத்தில் வேலை செய்துகொண்டே இருக்கும். மாற்றுவதென்றால் மாஸ்ஃபெட் வகை போடுங்கள். ஷிண்டென்கென் எஃப்எச்020 பல பைக்குகளில் கம்பெனியே போடுவது. எஸ்எச்847 இன்னும் மேல், அது சீரிஸ் வகை, தேவையில்லாதபோது காயிலிலிருந்து மின்சாரத்தையே எடுக்காது. காற்று படும் இடத்தில் பொருத்துங்கள். இவற்றின் போலிகள் குவிந்து கிடக்கின்றன, எழுத்து அச்சாகியிருக்கும் தரத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

பழையசங்கிலி:

கருப்புரப்பர் நல்ல நேரத்தில் கேட்டார். சரி, ஸ்பேர்ஸ்.

"இந்த மாடலுக்கு இந்த பார்ட் இருக்கா?" என்று பைக் பெயரைச் சொல்லிக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கம்பெனிகளின் பார்ட்ஸ் படங்கள், அதாவது ஒவ்வொரு பாகத்தையும் பிரித்து எண் போட்டுக் காட்டும் படங்கள், இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் சேஸிஸ் எண்ணுக்கான படத்தை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்களே கதை சொல்லும். ஹோண்டா ஆயில் ஃபில்டர் ஒன்று: 15410-எம்எஃப்ஜே-டி01. முதல் ஐந்து இலக்கம் என்ன பாகம் என்பது, நடுவில் மூன்று எழுத்து எந்த வண்டிக்காக முதலில் செய்தார்கள் என்பது. எம்எஃப்ஜே என்றால் 2007 சிபிஆர்600ஆர்ஆர். யமஹாவில் மாடல் குறி முதலிலேயே வரும், சுசுகியில் பாக எண்ணுக்குப் பிறகு வரும். கவாசாகிதான் எதையும் காட்டிக்கொடுக்காது, வெறும் எண். உங்கள் பைக்கின் பட்டியலைப் புரட்டினால் கால்வாசிக்கு மேல் வேறு மாடல் குறிகள் இருக்கும். நட்டு, சீல், லீவர், கேபிள், சுவிட்ச் என்று பலவும் வேறு வண்டிக்காகச் செய்து இதில் சேர்த்தவை. உங்கள் மாடல் நின்றிருக்கலாம், அந்த வண்டி இன்னும் தயாரிப்பில் இருக்கலாம். எண்ணைத் தேடினால் கிடைக்கும். பழைய எண்ணுக்குப் பதிலாகப் புது எண் கொடுத்திருந்தால் அதையும் பட்டியலே காட்டிவிடும்.

இன்னொரு கூட்டம், கம்பெனி எண்ணே தேவைப்படாத பாகங்கள். சக்கர பேரிங்கைக் கழற்றினால் அதன் முகத்திலேயே 6204 என்று இருக்கும். உள் விட்டம் 20, வெளி விட்டம் 47, அகலம் 14 மி.மீ., உலகம் முழுக்க ஒன்றே. 6005 என்றால் 25, 47, 12. இரண்டு பக்கமும் ரப்பர் மூடி வேண்டும், 2ஆர்எஸ் என்று கேளுங்கள். எஸ்கேஎஃப், என்டிஎன், என்எஸ்கே எது கிடைத்தாலும் சரி. ஆயில் சீலும் மூன்று அளவு சொன்னால் கிடைக்கும். எச்எஃப்204 என்ற ஒரே ஆயில் ஃபில்டர் ஹோண்டா, யமஹா, கவாசாகி, டிரையம்ஃப் என்று நான்கு கம்பெனிக்கும் போகிறது. பிரேக் பேட் காலிப்பரைப் பொறுத்தது, பைக்கைப் பொறுத்ததில்லை.

பதுக்குவது பற்றிக் கேட்டீர்கள். ரப்பரைப் பதுக்காதீர்கள். டயர், சீல், ஹோஸ், பேட்டரி எல்லாம் அலமாரியிலேயே கிழடாகும். கீழே விழுந்தால் முதலில் உடைவதை வையுங்கள்: கிளட்ச் லீவர், பிரேக் லீவர், கியர் பெடல், ஃபுட்ரெஸ்ட், ஃபேரிங் எனும் பிளாஸ்டிக் உறையின் கிளிப்புகள். அந்தக் கிளிப் ஒன்று இல்லாமல் ஒரு பக்க ஃபேரிங்கே அதிரும். அப்புறம் இன்ஜின் பக்க மூடிகளின் கேஸ்கெட். மாடல் வயதாக ஆக முதலில் காணாமல் போவது மீட்டர், ஃபியூயல் பம்ப், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ போன்ற எலெக்ட்ரானிக்ஸும் ஃபேரிங் துண்டுகளும்தான். நல்ல நிலையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஆனால் பழைய ஈசியூ வாங்கினால் அதனுடைய சாவி செட்டோடு வாங்குங்கள். சொந்தச் சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசர் இருக்கும் பைக்கில் தனி ஈசியூ வெறும் பெட்டி.

கழற்றிய பாகங்களில் நான் தொடாதவை: டிஸ்க், ஃபோர்க் குழாய், சக்கரம். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அளந்து பார்த்தால் பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கும். வேறு வழியே இல்லாமல் ஃபோர்க் குழாய் வாங்கினால் கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பிரேக் ஆயில் என்று மாற்றினார்கள் என்று தெரியாத வண்டி. அதை முதல் வாரமே மாற்றிவிடுங்கள். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும், காற்றிலிருந்து ஈரம் இழுத்தபிறகு அது 155 வரை இறங்கும். மலை இறக்கத்தில் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிடுவதற்கு இதுதான் காரணம். டாட் 5 சிலிக்கான் வகை, மறந்தும் கலக்காதீர்கள். இன்ஜின் ஆயில், பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ2 முத்திரை உள்ளதாக இருக்கட்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

வளைவுப்பிரியன்:

கனெக்டரில் ஒரு முனை உருகியே இருந்தது! ஏசி வோல்ட் மூன்றும் 60ஐ ஒட்டி வருகிறது. ஆக ரெகுலேட்டர்தான். டயர், செயின் செட், ரெகுலேட்டர், பிரேக் ஆயில் என்று பட்டியல் போட்டுவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. காலையில் ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் அடம். பழைய ஓனர், "டேப்பெட் சத்தமே இல்லை, இன்ஜின் வெண்ணெய்" என்று சொல்லித்தான் விற்றார்.

பழையசங்கிலி:

சத்தம் இல்லாததுதான் சந்தேகத்துக்குரியது தம்பி. இந்த இன்ஜின்களில் வால்வு இருக்கை தேயத் தேய வால்வு மேலேறும், வால்வுக்கும் அதை அழுத்தும் கேமுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும், டேப்பெட் சத்தமும் குறையும். கடைசியில் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரெஷன் கசியும், குளிரில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். பிறகு வால்வு எரியும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் சோதிக்க வேண்டும் என்பது மாடலைப் பொறுத்து ஏறத்தாழ 25,000 முதல் 42,000 கி.மீ. வரை. எப்போது பார்த்தார்கள் என்ற ரசீது இல்லையென்றால் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முதலில் ரெகுலேட்டரை மாற்றிப் பேட்டரியை முழு சார்ஜில் வைத்துப் பாருங்கள். பேட்டரி சோர்ந்திருந்தாலும் இதே அடம்தான். அதன்பிறகும் தொடர்ந்தால் வால்வு. வால்வின் தலையில் உள்ள பக்கெட் என்ற மூடிக்கு அடியில், இடைவெளியைச் சரிசெய்யும் சின்ன வில்லையான ஷிம் வைக்கும் முறை, கேம்ஷாஃப்ட்டைக் கழற்றித்தான் மாற்ற முடியும். இன்ஜினைத் திறந்ததில்லை என்று சொன்னீர்கள், எனவே இந்த ஒரு வேலையை அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். பக்கத்தில் நின்று ஒவ்வொரு வால்வின் இடைவெளியையும் உள்ளே இருக்கும் ஷிம்மின் தடிமனையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்த ஷிம் வேண்டும் என்பதைத் திறப்பதற்கு முன்பே கணக்குப் போடலாம். ஷிம்மும் பொதுச் சரக்குதான்: 7.48 மி.மீ. விட்டம் என்று கேட்டால் ஹோண்டாவுக்கும் யமஹாவுக்கும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். உங்கள் இன்ஜினுக்கு 7.48ஆ 9.48ஆ என்று மட்டும் முன்னாடியே பார்த்துவிடுங்கள்.